வழக்குச் சொத்து

சூடாக்கிவிட்டு இறக்கு என்பார்கள்,
சூட்டில்தான் எண்ணெய் அழுக்கோடு சேர்ந்து வருமாம்.
லத்தேரியில் மே மாதம்
அதற்கென்று இஞ்சினை ஓட்ட வேண்டியதில்லை.
காலை ஒன்பதுக்கே பானெட்
தோசைக்கல்லாகிக் கிடந்தது.

எண்பத்தேழாம் வருட மாஸி.
மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் குற்ற எண்.
பாலாற்றில் இரவு மணல் அள்ளியதாக வழக்கு,
ஆறு வருடம் ஸ்டேஷனுக்குப் பின்னால் வெயில்.
ஏலத்தில் என்னோடு மல்லுக்கு நின்றவர்
பழைய இரும்புக் கடைக்காரர்.
அவர் கிலோவில் கணக்குப் போட்டார்,
நான் ஏக்கரில்.
நாலாயிரம் ரூபாய் வித்தியாசத்தில்
இது வண்டியாகவே தப்பியது.

காட்பாடியில் இஃப்திகார் கடை.
"எந்த மாடல்மா?"
சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
ஆயில் ஃபில்டர் ஒன்று, டீசலுக்கு இரண்டு,
ரப்பர் வளையங்கள், கேன்கள்,
கடைசியாக ஒரு செம்பு வாஷர்.
"இதுக்குத் துட்டு வாணாம். பழசையே போட்டுடாத."

பழைய ஃபில்டர் அசையவில்லை.
தீர்த்தகிரி அதன் வயிற்றில் ஸ்க்ரூடிரைவரை அடித்து இறக்கி
அதையே பிடியாக்கித் திருகினான்.
முழங்கை வரை கறுப்பு வழிந்தது அவனுக்கு.
இஞ்சின் எண்ணெயில் ஒன்றும் அதிசயமில்லை.

பின்பக்கம்தான்.
கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே தொட்டி.
அடியில் பாண்டுச் சட்டியைத் தள்ளி
பிளக்கைக் கழற்றினேன்.
கறுப்புக்குத் தயாராக இருந்த கையில்
பால் கொட்டியது.
கறந்த பால் போல, கனமாக, நுரையோடு.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"தண்ணி கலந்தா இப்டிதான் வெளுக்கும்," என்றான் பிறகு.
"எங்கியோ முழுகிக் கெடந்துருக்குது."

எங்கே என்பது தெரியும்.
நாங்கள் மழைக்கு ஏங்கிய ஏதோ ஓர் ஆண்டில்
ராத்திரியோடு ராத்திரியாக ஆறு வந்திருக்கிறது.
எல்லைக்கு அப்பால் பெய்த மழையை
யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

யார் அவன்?
சீட்டு ஒரு பக்கமாக அமுங்கியிருக்கிறது,
எப்போதும் பின்னால் திரும்பிப் பார்த்தே ஓட்டியவன்.
கலப்பையைப் பார்த்தானா, ஜீப்பைப் பார்த்தானா,
பள்ளம் ஒன்றுதான்.

முப்பது லிட்டர் இறங்கி முடிந்தும்
சட்டியின் அடியில் நறநறவென்று ஏதோ.
மணல். இரண்டு கைப்பிடி தேறும்.
வழக்கில் அரை யூனிட் என்றிருந்தது.
அரை யூனிட்டும் இரண்டு கைப்பிடியும் என்று
இப்போது யாரிடம் போய்த் திருத்துவது?

டீசல் ஊற்றிக் கழுவினோம்,
கடை டீ நிறத்தில் வந்தது.
மறுபடி ஊற்றினோம், டீசலாகவே வந்தது.
வாஷரை மறக்கவில்லை.
புது எண்ணெய் உள்ளே இறங்க இறங்க
என் சீட்டுப் பணமும் கூடவே இறங்கியது.

குழாயில் அடைத்த காற்றை எடுக்க
அவன் பம்பை அழுத்தினான்,
நான் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பிடித்தேன்.
குமிழ், குமிழ், குமிழ்,
பிறகு வெறும் டீசல்.
மூன்றாவது திருப்பலில் பிடித்தது.
எதிரே துணி காயப்போட்டிருந்த நாகரத்தினம்
புகையைத் திட்டியது
வாயசைவில்தான் தெரிந்தது.

தரையில் சிந்திய கறுப்பின் மேல்
அந்த மணலைத் தூவினேன்.
உறிஞ்சவில்லை.
ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்த மணல்.

குற்ற எண்ணை அழிக்கவில்லை.
அதன் கீழே ஆயில் மாற்றிய தேதி.
மணி காட்டும் மீட்டர் செத்துவிட்டது,
ஏக்கருக்கு ஒன்றரை மணி என்று வைத்து
யார் கழனி, எத்தனை சால் என
நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன்.

ஆடியில் மல்லாட்டைக்கு உழுது
பதினோராவது நாள் குச்சியை உருவிப் பார்த்தேன்.
எண்ணெய் லேசாக வெளுத்திருந்தது.
ஆறு இன்னும் முழுக்க இறங்கவில்லை.

காட்பாடிக்கு பஸ் ஏறினேன்.
என் முகத்தைப் பார்த்ததும் இஃப்திகார்
ஒன்றும் கேட்காமல்
செம்பு வாஷரைத்தான் முதலில் எடுத்து வைத்தார்.